பத்தாவது முடிக்கப்போற பொண்ணை பிரைவேட்டுக்கு மாத்தலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பம்மல் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளில பொண்ணு படிக்கறா, அங்க பத்தாவது வரைக்கும்தான், ப்ளஸ் ஒன்னுக்கு எப்படியும் வேற ஸ்கூல் தேடணும், அதான் கடன் வாங்கியாவது பிரைவேட்ல போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. ரிசல்ட் சமயத்துல பிரைவேட் ஸ்கூல்காரங்க நல்லா படிக்கற பிள்ளைங்களோட வீடு தேடி வந்து ஃபீஸ்ல பாதி தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க, குழப்பம் வரத்தான் செய்யும். ஆனா தயவுசெஞ்சு மாத்தாதீங்க அக்கா.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிலயே படிச்சவங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு. 2020ல மெடிக்கலுக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், அக்ரி, லா எல்லாத்துக்கும் கொடுத்தாங்க. அந்த சீட்டுக்கு உங்க பொண்ணு அரசுப் பள்ளி பிள்ளைங்களோட மட்டும் போட்டி போட்டா போதும், இன்ஜினியரிங்ல அப்படி சீட் கெடைச்சா படிப்பு ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டையும் அரசாங்கமே கட்டிடும். கடைசி ரெண்டு வருஷம் பிரைவேட்ல படிச்சா அத்தனையும் போச்சு, அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் படிச்சது கணக்குலயே வராது. புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் படிக்கறப்ப மாசாமாசம் வர்ற 1000 ரூபாயும் கெடைக்காது. எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்.னு ஸ்காலர்ஷிப் பரீட்சை வைப்பாங்களே, அதுல பாஸ் பண்ணி வருஷம் 12,000 வாங்கறான்னா அதுவும் நின்னுடும்.

ஒரு விஷயத்துல நிறைய பேர் ஏமாந்துடறாங்க. ஸ்கூல் போர்டுல 'அரசு உதவி பெறும்'னு போட்டிருந்தா அது 7.5க்கு செல்லாது. மாநகராட்சிப் பள்ளின்னா செல்லும். சேர்க்கறதுக்கு முன்னாடி போர்டை நின்னு படிச்சுப் பாருங்க.

அரசுப் பள்ளில பாடம் சரியா நடக்குமான்னு நீங்க பயப்படறது நியாயம்தான், அதை நேர்ல போய்தான் தெரிஞ்சுக்கணும். ஒரு நாள் லீவு போட்டுட்டு பக்கத்துல இருக்கற ரெண்டு மூணு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஸ்கூல் நடக்கறப்பவே போங்க, மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இருக்காங்களா இல்ல போஸ்டிங் காலியா கிடக்கா, இங்கிலீஷ் மீடியம் இருக்கா, லேப் தொறந்து பிள்ளைங்க உள்ள இருக்காங்களான்னு பாருங்க, அங்க படிக்கற பிள்ளைங்க கிட்டயும் கேளுங்க, அவங்க உள்ளதை சொல்லிடுவாங்க.

குரூப் விஷயத்துல அவளுக்கு கம்ப்யூட்டர் பிடிச்சிருந்தா விடுங்க. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்வளவுதான், பயாலஜி அதுல வராது. டாக்டர், நர்சிங்னு அவளுக்கே ஆசை இருந்தா மட்டும் பயாலஜி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்ஜினியரிங் காலேஜ் உங்க வீட்டுல இருந்து பஸ்ல போற தூரம், ஒரு நாள் அவளைக் கூட்டிட்டு போய் வெளில இருந்தாவது காட்டிட்டு வாங்க.

டிசி வாங்கறப்ப பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு அங்கயே சரிபாருங்க. ஆறாவதுல இருந்து இங்கதான் படிச்சான்னு ஹெச்.எம். கையெழுத்து, சீலோட ஒரு சர்டிஃபிகேட்டும் அப்பவே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.