வயதுப் பாகுபாட்டை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: உலகில் இரண்டு பேரில் ஒருவர் வயதுப் பாகுபாடு பார்க்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் முதியோரில் பாதிப் பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதலாமா, சார்?

பதில்: எழுதாதீர்கள். 2021 அறிக்கையில் வந்த அந்தக் கணக்கு, முதியோரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொல்வது. 57 நாடுகளில் 83,000-க்கும் அதிகமானோர் சொன்ன பதில்களிலிருந்து எடுத்தது. ஒருவர் மனதில் இருக்கும் எண்ணம் வேறு, இன்னொருவருக்கு நேர்ந்த அனுபவம் வேறு. நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

கேள்வி: இங்கிலாந்தில் 52 வயதுக்கு மேற்பட்டோரில் மூன்றில் ஒருவர்தான் வயதால் பாகுபாட்டை உணர்ந்ததாக ஓர் ஆய்வு. அமெரிக்காவில் 50 முதல் 80 வயதுக்குள் 93 சதவீதம் என்று இன்னொன்று. அமெரிக்கா அவ்வளவு மோசமா?

பதில்: இல்லை, கேள்வித்தாள்தான் வேறு. இங்கிலாந்து ஆய்வில் மரியாதைக் குறைவு, கடையில் மோசமான கவனிப்பு போன்றவை நேர்ந்ததா என்று கேட்டு, அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார்கள். வயது என்று சொன்னவர்களே கணக்கில் வந்தார்கள். அமெரிக்க அளவுகோல், முதுமையைக் கேலி செய்யும் நகைச்சுவையைக் கேட்பதையும் சேர்த்துக்கொள்கிறது. வயதானால் உடல்நலம் கெடத்தான் செய்யும் என்று பதில் சொல்பவரே நம்புவதும் அதில் உண்டு. இதில் ஒன்றாவது இல்லாத ஆளை எங்கே தேடுவது? எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் கேள்விகளைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: பழைய அளவுகோல் (கேள்வித்தாள்) ஒன்றை எங்கள் மொழியில் பெயர்த்து, அதை மூலமொழிக்கே திருப்பி மொழிபெயர்த்தும் சரிபார்த்துவிட்டோம். இரண்டு நாடுகளின் சராசரியை இனி ஒப்பிடலாம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். வயதுப் பாகுபாட்டு அனுபவத்தை அளக்க, முதுமை ஆய்வாளர் எர்ட்மன் பால்மோர் 2001-இல் வெளியிட்ட 20 கேள்விகளையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'ஒருமுறை', 'பலமுறை' என்று பதில். முதியோரைக் கிண்டலடிக்கும் பிறந்தநாள் அட்டை வந்ததா என்பது ஒரு கேள்வி. அட்டை அனுப்பும் வழக்கமே இல்லாத ஊரில் எல்லோரும் 'இல்லை' என்பார்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது தீராது.

இன்னும் நுட்பமான சிக்கல் கடன் பற்றிய கேள்வியில் இருக்கிறது. வயதால் கடன் கிடைப்பது கடினமானதா என்று கேட்டால், வங்கியில் மரியாதையாக நடத்தப்பட்டவரும் 'இல்லை' என்பார், வங்கிப் படியே ஏறாதவரும் 'இல்லை' என்பார். மருத்துவர் 'இது வயசுக்கோளாறு' என்று ஒதுக்கினாரா என்ற கேள்வியும் இப்படித்தான். மருத்துவ வசதி குறைந்த நாடு, பாகுபாடு குறைந்த நாடு மாதிரி தெரியும்! எனவே கடந்த ஓராண்டில் அங்கே போனீர்களா என்று முதலில் கேளுங்கள். 'பொருந்தாது' என்றொரு கட்டமும் வையுங்கள்.

அப்புறம் புள்ளியியல் சோதனை. ஒரே அளவு அனுபவம் உள்ள இருவர், நாடு வேறானாலும் ஒரே மதிப்பெண் பெறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பெறவில்லை என்றால் எந்த நாடு மோசம் என்று வரிசைப்படுத்தாதீர்கள்.

கேள்வி: பெரியோரை மதிக்கும் கிழக்கு நாடுகளில் இது குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நார்த், ஃபிஸ்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015-இல் 23 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, முதியோர் பற்றிய பார்வை மேற்கைவிடக் கிழக்கில்தான் மோசமாக இருந்தது. மக்கள்தொகை வேகமாக முதுமையடையும் இடங்களில் அது கூடுதல். கவனியுங்கள், இதுவும் எண்ணம் பற்றிய தரவுதான்.

அனுபவத்தை அளக்கும்போது வேறொரு வில்லங்கம் உண்டு. 'உங்களுக்கு ஏன் சிரமம்' என்று சொல்லி, பணம் பற்றிய முடிவுகளை மகனே எடுக்கிறான். ஒருவர் அதைப் பாசம் என்பார், இன்னொருவர் அவமானம் என்பார். 'அநியாயமாக நடத்தப்பட்டீர்களா' என்று மட்டும் கேட்டால் முதலாமவர் கணக்கிலேயே வரமாட்டார். நடந்ததைத் தனியாகவும், அதை எப்படி உணர்ந்தார் என்பதைத் தனியாகவும் கேட்பதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கு 24 வயது. கூட்டத்தில் வாயைத் திறந்தாலே 'உனக்கென்ன தெரியும்' என்கிறார்கள். இதுவும் சேருமா?

பதில்: தாராளமாக. 2008-09 ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு எல்லா வயதினரிடமும் கேட்டது. வயதால் மோசமாக நடத்தப்பட்டதாக அதிகம் சொன்னது இளைஞர்கள்தான். முதியோருக்காக எழுதிய கேள்வித்தாளில் நீங்கள் தென்படவே மாட்டீர்கள்.

கேள்வி: எனக்கு 58. வேலைக்கு விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை. காரணம் வயதா, நான் பெண் என்பதா?

பதில்: உங்கள் விஷயத்தில் எது என்று நான் சொல்ல முடியாது, அம்மா. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம். அமெரிக்காவில் பொருளியலாளர் நியூமார்க்கின் குழுவினர் 40,000-க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தபோது, வயதான பெண்களுக்கு அழைப்பு குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆண்களிடம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. கேள்வித்தாளில் 'முக்கியக் காரணம் ஒன்று' என்று கட்டாயப்படுத்தினால் உங்களைப் போன்றவரின் அனுபவம் பாதியாகிவிடும். பல காரணங்களைக் குறிக்க விட வேண்டும்.

கேள்வி: முதியோரின் வீட்டுக்குப் போய்க் கேள்விகள் கேட்கும்போது மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். என்ன செய்வது?

பதில்: குடும்பம் பற்றிய கேள்விகளை அப்போது கேட்காதீர்கள். தனியாகப் பேச நேரம் கிடைக்காவிட்டால், உடன் ஆள் இருந்ததைப் படிவத்தில் குறித்துவிடுங்கள். பிறகு அந்தப் பதில்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.