அடுப்படி கேள்வி – பதில்

கேள்வி: அலுமினியக் குக்கரில் சாம்பார் வைத்தால் ஞாபகமறதி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எங்கள் குக்கரின் உள்பக்கம் வேறு கறுத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, தேனி

பதில்: கறுப்புக்காகத் தூக்கிப்போட வேண்டாம். தண்ணீரிலுள்ள உப்பும் காரத்தன்மையும் அலுமினியத்தின் மேல்படலத்தோடு சேர்ந்து தரும் நிறம் அது, கெடுதல் இல்லை. அதைக் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்தெடுப்பதுதான் தப்பு. தானாக உருவாகும் அந்த ஆக்சைடு படலம்தான் உலோகம் உணவில் இறங்காமல் தடுக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு அன்றைக்கே புளிக்குழம்பு கொதிக்கவிட்டால் கூடுதலாகக் கரையும்.

அல்சைமர் என்ற ஞாபகமறதி நோய் பற்றிய பயம் 1970-களின் ஆய்வுகளிலிருந்து வந்தது. பாத்திரம்தான் காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. வயிற்றுக்குள் போகும் அலுமினியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டில் மட்டும் எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள்.

மற்றவர்கள் பருப்பைக் குக்கரில் வேகவைத்து, புளியும் தக்காளியும் சேரும் கொதியை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். சாம்பாரைக் குக்கரிலேயே ராத்திரிவரை விட்டுவைக்காதீர்கள். புளிப்பும் உப்பும் ஊற ஊறத்தான் அரிப்பு. அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். குழிகுழியாக நெருடினால், அப்போது மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. காயலான்கடை உலோகத்தை உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரங்களில் காரீயம் (லெட்) கலந்திருக்கலாம். இண்டாலியம் என்ற பெயரில் இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. கண்ணுக்கோ நாக்குக்கோ அது தெரியாது. குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 1660 என்ற எண்ணையும், குக்கரில் ஐ.எஸ். 2347 என்ற எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஈயச்சொம்பு முதல் நாளே உருகிவிட்டது. போலியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அசலும் உருகும். சொம்பு செய்வது வெள்ளீயத்தில் (டின்). அது 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டியே நிற்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. முதலில் புளித்தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்றிவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சிம்மில், ஜுவாலை அடிப்பாகத்தைத் தாண்டி ஏறாமல் எரியட்டும். நுரை கூடியதும் இறக்குங்கள். தாளிப்பு தனியாக இரும்புக் கரண்டியில்தான். வெறும் சொம்பில் எண்ணெய் காய்ச்சவே கூடாது.

போலியாக வெள்ளீயத்துக்குப் பதில் காரீயம் என்றால், காகிதத்தில் தேய்க்கும்போது பென்சில்போலச் சாம்பல் கோடு விழும். கோடு விழவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது, கலப்பு கொஞ்சமாக இருந்தால் விழாது. உலோகச் சோதனைச் சீட்டு தரும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: நான்ஸ்டிக் தவாவில் பூச்சு உரிந்து தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டது. ஆபத்தா?
– வாசகி, சேலம்

பதில்: துணுக்கு செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். வெறும் தவாவைப் பெருந்தீயில் விட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்க்கும் வீடென்றால் அந்தப் புகையே அவற்றைக் கொன்றுவிடும்.