49 டபுள்களும் சிகாகோவின் வேலியும்

அன்புள்ள ஐயா,

19-ஆம் நூற்றாண்டு பேஸ்பால் குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். சிகாகோவின் நெட் வில்லியம்சன் 1883-இல் 49 டபுள்கள் அடித்திருக்கிறார்; மறு ஆண்டு 18 மட்டுமே. ஒரே ஆண்டில் ஒருவரின் ஆட்டம் இவ்வளவு சரியுமா? அக்காலத்தின் தலைசிறந்த டபுள் ஆட்டக்காரர் அவர்தானா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

வில்லியம்சனின் ஆட்டம் சரியவில்லை. மைதானத்தின் விதி மாறியது. பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாம் பேஸை எட்டுவது டபுள் என்பதை அறிவீர்கள். சிகாகோ அணியின் சொந்த மைதானமான லேக் ஃப்ரன்ட் பார்க்கில் இடப்பக்க வேலி 180 அடியிலும் வலப்பக்க வேலி 196 அடியிலும் இருந்தன. அவ்வளவு கிட்டத்தில் நின்ற வேலியைத் தாண்டும் பந்துக்கு 1883-இல் டபுள் மட்டுமே கொடுத்தார்கள். பந்து வேலிக்கு வெளியே போய் விழுவதைக் கண்ணால் கண்ட பிறகும் ஆட்டக்காரர் இரண்டாம் பேஸிலேயே நின்றுவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே அடியை ஹோம் ரன், அதாவது நான்கு பேஸ்களையும் சுற்றி வரும் அடி, என்று அறிவித்தவுடன், வில்லியம்சனின் ஹோம் ரன்கள் 2-இலிருந்து 27-க்குத் தாவின. அவற்றில் 25 அந்த மைதானத்தில் அடித்தவை. 1919-இல் பேப் ரூத் 29 அடிக்கும்வரை அதுவே சாதனையாக நீடித்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1885-இல் அணி வேறு மைதானத்துக்குப் போனபோது அவர் அடித்த ஹோம் ரன்கள் 3.

ஆகவே அந்த 49-ஐ வில்லியம்சனின் மட்டைக்கும் சிகாகோவின் வேலிக்கும் பங்கிட்டே நான் படிக்கிறேன். 1887-இல் செயின்ட் லூயிஸின் டிப் ஓ'நீல் 52 டபுள்கள் அடித்து அதை முந்தினார். ஆனால் அந்த ஒரு பருவத்தில் மட்டும் மூன்றுக்குப் பதிலாக நான்கு ஸ்ட்ரைக்குகள் (அடிக்கத் தவறிய பந்துகள்) வரை ஆட்டக்காரருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது.

வில்லியம்சனின் அணித்தலைவர் கேப் ஆன்சன், தேசிய லீகில் 22 பருவங்கள் ஆடி 500-க்கும் மேற்பட்ட டபுள்களைச் சேர்த்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். எனினும் தாங்கள் கேட்டதற்கு என் விடை எட் டெலஹான்டி. பிலடெல்பியாவுக்காக 1895, 1896, 1899 ஆகிய ஆண்டுகளில் தேசிய லீகில் அவரே டபுள்களில் முதலிடம் பெற்றார்; 1899-இல் அடித்தவை 55. பதினாறே பருவங்களில் மொத்தம் 522. 1902-இல் வாஷிங்டன் அணிக்கு மாறி, வேறு லீகில், வேறு மைதானத்தைச் சொந்தமாகக் கொண்டு ஆடியபோதும் 43 டபுள்கள் அடித்தார். ஒரு வேலியின் தயவில் வந்த எண்ணிக்கையாக அதைக் கருத எனக்கு இடமில்லை.