முப்பதாயிரம் கழியும் வரை

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: சர்ச்சில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். இந்த மாதம் விசுவாசமும் விடுதலையும் பற்றிய பாடம். எகிப்து, பார்வோன் என்றாலே கொட்டாவி விடுகிறார்கள். செல்போனுக்கு அடிமை என்று தொடங்கலாமா? நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம்; பாட்டன், பூட்டன் எல்லாம் தோட்ட வேலைதான். கைக்குழந்தையோடு தயார் செய்வது சிரமம். நல்லவேளை, பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி உதவிக்கு இருக்கிறாள். 13 வயது. அவள் அப்பா வாங்கிய முப்பதாயிரம் கழியும் வரை எங்களோடுதான். எங்கள் வீட்டுப் பிள்ளை போலத்தான் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வருவதற்குள் சமைத்து வைத்துவிடுவாள். பாடத்துக்கு நல்ல உதாரணம் சொல்லுங்கள், அக்கா.

பதில்: செல்போனை விடுங்கள் அம்மா. நல்லவேளை என்று தொடங்கி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்ட உதாரணம் அங்கே அடுப்படியில் நிற்கிறது.

வீட்டுப் பிள்ளை என்றால் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்? நீங்கள் நடத்தும் வகுப்பிலேயே அவளுக்கு இடமில்லையே. நீங்கள் பெற்ற பிள்ளையை 13 வயதில் இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு, கடன் கழியட்டும் என்று இருப்பீர்களா? அப்பன் வாங்கிய கடனுக்கு அப்பன்தான் பொறுப்பு. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மாதம் எவ்வளவு கழிகிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை.

சிலோன் என்றீர்களே, அங்கே தேயிலைத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. பயணச் செலவு, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் ஆள் பேரில் ஏறிவிடும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அடுத்த தோட்டத்துக்காரர் கட்டி எடுத்துக்கொள்வார். தோட்டம் மாறும், கடன் கூடவே வரும். 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரியில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் அதே கணக்கு ஓடலாமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முப்பதாயிரம் கடனே செல்லாது. 14 வயது ஆகாத பிள்ளையை இப்படி வேலைக்கு வைத்தால், 2016-ல் வந்த திருத்தப்படி ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

சரி, பாடத்துக்கு வருவோம். யாத்திராகமம் 5-ல் வைக்கோல் கொடுக்காமலே அதே எண்ணிக்கைச் செங்கல் கேட்கிறான் பார்வோன். கொழுந்து எடை போடும் இடத்தில் அம்மாவோடு நின்ற பிள்ளைகளுக்கு இது புரியாதா? அடுத்த அதிகாரத்தில் மோசே விடுதலையைப் பற்றிச் சொல்கிறார்; மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் ஜனங்கள் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. ஆள் ஓய்ந்துபோனால் விசுவாசம் எங்கிருந்து வரும்? அந்தப் பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் உபாகமம் 15-ஐ எடுங்கள். அடிமையை ஏழாம் வருஷம் விடுதலை செய், வெறுங்கையாய் அனுப்பாதே, உன் மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து எடுத்துக் கொடு என்கிறது.

நீங்களும் வெறுங்கையாய் அனுப்பக் கூடாது. முதலில் குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ நீங்களே சொல்லுங்கள். வழக்கு வருமே என்று பயப்படுவீர்கள். வரலாம். ஆனால் கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் இருந்தால்தான் அவளுக்கு அரசின் மறுவாழ்வு உதவி கிடைக்கும். உங்கள் மானத்தைவிட அது பெரிது. வேலை செய்த மாதங்களுக்கெல்லாம் சம்பளத்தை எண்ணி வையுங்கள். அவளைப் பெற்றவர்களிடம் கடன் இல்லை என்று நீங்களும் உங்கள் கணவரும் நேரில் சொல்லுங்கள், ஆள் அனுப்பாதீர்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்; மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பள்ளி தட்டிக்கழிக்க முடியாது.

உங்கள் கைக்குழந்தையை நீங்களும் கணவரும் பாருங்கள். அது பெற்றவர்களின் கடமை. இதெல்லாம் முடிவதற்குள் பாடம் எடுக்க வேண்டிய ஞாயிறு வந்துவிட்டால், வகுப்பை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.