வாராந்திர உணவுத் திட்டம் வாரத்தின் நடுவிலேயே குலைந்துபோகிறது; நெகிழ்வாகத் திட்டமிட வழி உண்டா?

நீங்கள் கேட்டிருக்கும் சிக்கலில் நானும் நெடுங்காலம் உழன்றிருக்கிறேன். ஏழு நாள், மூன்று வேளை என்று ஒரு தாளில் 21 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சமையலின் பெயரை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பேன். செவ்வாய்க்கிழமை வீடு திரும்பத் தாமதமானால் அன்றைய கட்டம் தவறும். அதற்கென்று வாங்கிய கீரைக்கு அடுத்த நாளின் கட்டத்தில் இடம் இராது என்பதால், வெள்ளிக்கிழமை பார்க்கும்போது அது அழுகிக் கிடக்கும். சமையலைக் கிழமையோடு கட்டிப்போட்டதுதான் பிழை என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று.

இப்போது கிழமைகளே இல்லாத ஒரு வரிசையைத்தான் எழுதுகிறேன். எது முதலில் கெடுமோ அது மேலே. பச்சை மீனையும் கொத்திய இறைச்சியையும் ஓரிரு நாட்களுக்குள் சமைத்தாக வேண்டும் என்பதால் அவை தலைப்பில் இருக்கும். அடுத்துக் கீரையும் காளானும், அதன்பின் பீன்ஸ், கத்தரிக்காய் போன்றவை, கடைசியில் வாரம் தாண்டியும் தாங்கக்கூடிய முட்டைக்கோஸும் கேரட்டும் பீட்ரூட்டும். முட்டை, பருப்பு, பயறு வகைகள் எந்த நாளிலும் கைகொடுக்கும் என்பதால் அவற்றை வரிசையில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் சமைக்க முடியாமல் போனால் எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை, மறுநாள் பட்டியலின் தலையிலிருந்து தொடர்ந்தால் போதும். (வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் கீரைக்கு அருகில் வைக்காதீர்கள், அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலைகளை விரைவில் மஞ்சளாக்கிவிடும்.)

ஏழு இரவுகளுக்கும் சமையல் எழுதாமல் ஐந்துக்கு மட்டுமே எழுதுகிறேன். மீதி இரண்டில் ஒன்று எஞ்சியதை உண்பதற்கு, மற்றொன்று எதிர்பாராமல் வருவதற்கு. அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடத் தோன்றும், நிரப்பாதீர்கள். என் அனுபவத்தில் திட்டத்தைக் காப்பாற்றுவது எழுதிய ஐந்தைவிட எழுதாமல் விட்ட அந்த இரண்டுதான்.

முன்கூட்டியே செய்துவைக்கும் வேலையிலும் இதே நெகிழ்வு வேண்டும். முழுச் சமையலாக முடித்துவைத்தால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். ஆகவே கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, மசாலா எதுவும் சேர்க்காமல் மொத்தமாக வேகவைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் குழம்பாகவும், மறுநாள் காய்கறிகளோடு சாலடாகவும், இன்னொரு நாள் மசித்து ரொட்டிக்குத் தொடுகறியாகவும் அது மாறும். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய விழுதும் அப்படித்தான்: எந்தச் சுவைக்கும் திருப்பக்கூடிய நிலையில் நிறுத்திவைப்பதே அதன் பயன்.

ஆனால் இந்தத் தயாரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், உள்ளே வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது, அப்படியும் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. சோற்றில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, சோறு வெளியில் ஆறிக்கிடக்கும் நேரத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. எனவே விடுமுறை நாளில் ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் சமைத்துவைக்கும் முறையை நான் கைவிட்டு, வாரத்தின் தொடக்கத்திலும் நடுவிலுமாக இரு முறை சிறிய அளவில் தயாரிக்கிறேன். உறையவைக்க வேண்டியதை மைனஸ் 18 டிகிரியில், ஒரு வேளைக்கான அளவுகளாகப் பிரித்து, தேதி எழுதி வைக்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருப்பதை முதலில் வரிசையில் எழுதிவிட்டு, அதற்குத் துணையாக வேண்டியதை மட்டும் வாங்குவேன். காலை உணவுக்கு நான் திட்டமே போடுவதில்லை. இரண்டு மூன்று வகைகள் மாறிமாறி வருவதில் எங்கள் வீட்டில் எவருக்கும் இதுவரை குறையில்லை.