மகளின் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது

கேள்வி: கணவரைப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. பிரிந்தபோது இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, என் நகைகளையும் சீர்ப் பாத்திரங்களையும் திருப்பித் தந்தார்கள். ‘எனக்கோ என் மகளுக்கோ இனி எந்தப் பாத்தியதையும் இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மகளுக்கு 8 வயது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அவர் ஈரோட்டில் சொந்தமாக பைக் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக் கட்டணத்துக்காவது உதவுங்கள் என்றதற்கு, ‘பத்திரத்தை எடுத்துப் படி; நீதான் சம்பாதிக்கிறாயே; கோர்ட்டுக்குப் போனால் பிள்ளையைக் கேட்டு நானும் வழக்குப் போடுவேன்’ என்கிறார். ‘அவன் காசு வேண்டாம், மானத்தோடு இருப்போம்’ என்கிறார் அம்மா. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பத்திரத்தை நினைத்துத்தான் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. மகளைப் பற்றி அதில் எழுதியிருக்கும் வரி செல்லாது. தகப்பனிடம் சோறும் துணியும் படிப்பும் கேட்கும் உரிமை அந்தக் குழந்தைக்குச் சொந்தமானது. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளையின் சாப்பாட்டை நகைக்கு ஈடாக வைத்துப் பேசிய அந்தப் பெரியவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்களுக்கென்று தொகை கேட்டால், அந்தப் பத்திரத்தைக் காட்டி அவர் வாதாட இடமுண்டு. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். ஆனால் அந்தத் தடை மனைவிக்கு மட்டும்தான். குழந்தையை அது தொடாது.

ஜீவனாம்சம் கேட்பதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று எல்லோரும் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக இருக்கிறது. விவாகரத்து வழக்குப் போடாமலேயே இதில் மனு கொடுக்கலாம். எந்த மதத்தவரும் கொடுக்கலாம். முறையான திருமணத்தில் பிறக்காத குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. ஈரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு போடலாம். மனுவோடு இடைக்காலத் தொகையும் கேளுங்கள். நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாட்களுக்குள் அதை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இழுத்தாலும் பணம் வீணாகாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, மனு போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும். அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்கிறேன். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் மகளுக்கு நஷ்டம்.

அதே தீர்ப்பு, இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டறையில் வருமானமே இல்லை என்று அவர் எழுதக்கூடும். ஆகவே அவர் பெயர் போட்ட போர்டோடு பட்டறையின் புகைப்படம், விசிட்டிங் கார்டு, அவர் வாங்கிய வண்டி, கட்டும் தவணை என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து வையுங்கள். உங்கள் பக்கம் பள்ளி ரசீது, வேன் கட்டணம், டாக்டர் சீட்டு, மருந்துக்கடை பில், வாடகை. உங்கள் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட மறைக்காதீர்கள். நீங்கள் சம்பாதிப்பதால் தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது. பிள்ளையின் படிப்புச் செலவை அவரவர் வருமானத்துக்கேற்பப் பகிரச் சொல்லலாம், அவ்வளவுதான். வேலையே இல்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. உடல் வலு இருக்கும்போது கூலி வேலை செய்தாவது மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிள்ளையைக் கேட்டு வழக்குப் போடுவேன் என்பது பயமுறுத்தல். அப்படி அவர் போட்டாலும் அது தனி வழக்கு. அங்கே நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். இரண்டு வருடமாக உங்களிடம் வளர்ந்து, பள்ளிக்குப் போய்வரும் பெண்ணை, ஜீவனாம்சம் கேட்ட காரணத்துக்காக யாரும் பிரித்துத் தர மாட்டார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காசு தரவில்லை என்பதற்காக அவர் மகளைப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்புக் கடமை வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டால், அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். மகளுக்கும் அப்பா வேண்டும்.

வக்கீல் செலவை நினைத்து நிற்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு, அந்தப் பத்திரத்தின் நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கட்டண ரசீதுகளோடு போங்கள். 15100 என்ற எண்ணில் பேசியும் விவரம் கேட்கலாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நீங்கள் மருமகனிடம் கையேந்தவில்லை, பேத்திக்கு வர வேண்டியதைக் கேட்கிறீர்கள். கட்டணம் கட்டாத பிள்ளை என்று வகுப்பில் எழுந்து நிற்பதில் என்ன மானம் இருக்கிறது?

உத்தரவு கிடைத்த பிறகு தொகையை ரொக்கமாகக் கையில் வாங்காதீர்கள். வங்கிக் கணக்கில் செலுத்தும்படி உத்தரவிலேயே எழுதக் கேளுங்கள். தராத மாதங்களுக்கு வசூல் மனு போடலாம். பிடியாணை வரும், நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பி அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டு, பிறகு வந்து அழும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.