நடுக்கடலில் திடீரென எழும் ராட்சத அலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராட்சத அலையும் சுனாமியும் ஒன்றுதானா?

இல்லை. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. கப்பலில் இருப்பவர்களுக்கு அது கடந்து போனதே தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் நிமிர்கிறது. ராட்சத அலையோ காற்று எழுப்பிய அலைகளுக்கு நடுவே, ஆழ்கடலிலேயே எழுந்து அங்கேயே அடங்கிவிடும்.

எத்தனை மீட்டர் இருந்தால் அந்தப் பெயர்?

மீட்டர் கணக்கே கிடையாது. அந்த நேரத்துக் கடலில் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியைப் பார்ப்போம். அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் ராட்சத அலை. 2020 நவம்பரில் கனடாவின் யூக்ளூலெட் அருகே ஒரு மிதவை பதிவு செய்த அலை 17.6 மீட்டர்தான். ஆனால் அன்றைய அலைகள் சுமார் 6 மீட்டர்! கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

மாலுமிகள் சொன்ன 'தண்ணீர்ச் சுவர்' உண்மையா, அது எப்படி உருவாகிறது?

உண்மை. 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலையை அளந்தது. சுற்றியிருந்தவை சுமார் 12 மீட்டர். அந்த 25.6 மீட்டரில் 18.5 மீட்டர் சராசரி நீர்மட்டத்துக்கு மேலே. அகடு, அதாவது அலையின் பள்ளம், ஏழு மீட்டர்தான். பெரிய அலையின் முகடு கூர்மையாகும், அகடு தட்டையாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

உருவாகும் விதத்துக்கு வருவோம். ஆழ்கடலில் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 10 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 15 விநாடி அலை 84 கிலோமீட்டர். பின்னால் வரும் வேகமான அலை முன்னால் போவதை எட்டிப்பிடிக்கும்போது முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. எதிர்நீரோட்டமும் உதவும்: தென்னாப்பிரிக்காவை ஒட்டி ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தை எதிர்த்து வரும் அலைகள் நெருக்கப்பட்டு, செங்குத்தாகின்றன. ஓர் அலை பக்கத்து அலைகளின் ஆற்றலை உறிஞ்சி வளரும் என்பதை பெஞ்சமின், ஃபெயிர் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் காட்டினார்கள். ஒரே திசையில் அலை ஓடும் ஆய்வகத் தொட்டியில் இது அழகாக நடக்கும். பல திசை அலைகள் கலக்கும் கடலில் வலு குறைகிறது. அதனால் முகடுகள் சேர்வதற்கே நான் முதலிடம் தருவேன்.

நீருக்கடியிலும் அலையின் அசைவு இருக்குமா?

அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரம்தான் அலைநீளம். அதில் பாதி ஆழத்துக்குப் போனால் அசைவு ஏறக்குறைய அடங்கிவிடும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? முன்கூட்டியே சொல்லலாமா?

ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், தனி முகட்டின் வேகத்தில் பாதிதான். கவனித்துப் பாருங்கள்: கூட்டத்தின் பின்னால் ஒரு முகடு சிறிதாகத் தலையெடுக்கும், முன்னேற முன்னேற வளரும், நடுவில் உச்சம் தொடும், முன்விளிம்பை அடைந்ததும் கரைந்துபோகும். உச்சத்தில் இருப்பது சில விநாடிகளே. இன்ன கடற்பரப்பில் இன்று வாய்ப்பு அதிகம் என்று கணிக்கலாம். எந்த அலை, எந்த நிமிடம் என்பது இன்னும் கைக்கு எட்டவில்லை.